மனம் தடுமாறும்போது உடம்பையும் பாருங்கள்: லூப்பஸ் நோயும் மூளையும்

போர் நடந்த 1990களில், வயலையும் வீட்டையும் விட்டு வந்து உறவினர் காணியொன்றில் தறப்பாள் கொட்டில் போட்டிருந்த ஒரு குடும்பத்தை நாம் அறிந்திருந்தோம். மூத்த மகளுக்கு அப்போது வயது 19. வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்கித் தாய்க்கு உதவியாக இருந்தவள். சில மாதங்களாகவே காலையில் அவளது விரல் மூட்டுகள் மடக்க முடியாமல் விறைத்து நின்றன. வெயிலில் நின்றுவிட்டு வந்தால் கன்னம் இரண்டும் சிவந்து எரியும். சீப்பில் தலைமயிர் கொத்தாக வந்தது. விட்டு விட்டுக் காய்ச்சல். வேலைக் களைப்பு, சத்தில்லாத சாப்பாடு என்று எல்லோரும் சொன்னார்கள். பனடோல் வாங்கிக் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு கிழமை அவள் உறங்கவேயில்லை. பின்வளவுப் புளியமரத்தில் ஆட்கள் இருந்து தன்னைப் பற்றிக் கதைப்பதாகச் சொன்னாள். தாய் போட்ட சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறது என்று தட்டை எறிந்தாள். ஷெல் சத்தத்தில் பயந்துபோனாள் என்றார் ஒருவர். செய்வினை என்றார் இன்னொருவர். நூல் கட்டப்பட்டது, வேப்பிலை அடிக்கப்பட்டது, எமது செபக்குழுவினரும் போய்ச் செபித்தனர். அந்தக் கூட்டத்தில் நாமும் இருந்தோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவளது கன்னத்துச் சிவப்பை நாமும் பார்த்தோம். அதை அவளது பேச்சோடு சேர்த்து எண்ணிப் பார்க்க எமக்குத் தெரியவில்லை.

பதினேழாம் நாள் அவளுக்கு வலிப்பு வந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த இளம் வைத்தியர் முதலில் கேட்டது அவளது பேச்சைப் பற்றி அல்ல. வாயைத் திறக்கச் சொல்லி அண்ணத்தில் இருந்த புண்ணைப் பார்த்தார். விரல் மூட்டுகளை அழுத்திப் பார்த்தார். சிறுநீரை எடுத்துச் சோதிப்பித்தார். அதில் புரதம் போய்க்கொண்டிருந்தது. 'இது விசர் அல்ல, அம்மா. பிள்ளையின் உடம்பில் இருக்கிற ஒரு வருத்தம் மூளையையும் பிடித்திருக்கிறது' என்று தாய்க்குச் சொன்னார். இரத்தம் கொழும்புக்கு அனுப்பப்பட்டு மறுமொழி வந்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அந்த வருத்தத்தின் பெயர் லூப்பஸ். வைத்தியர்கள் அதைச் சுருக்கமாக எஸ்.எல்.ஈ. என்பார்கள்.

'பதினேழு நாள் பிள்ளையைக் கட்டி வைச்சிருந்தனாங்கள், ஐயா. ஆராவது ஒராள் முன்னமே சொல்லியிருந்தால்...' என்று அந்தத் தாய் பின்னொரு நாள் எம்மிடம் சொன்னார். இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த வார்த்தைதான் காரணம்.

சொந்த மாட்டின் மேல் வெடிக்கும் கட்டுத்துவக்கு

எமது உடம்பில் கிருமிகளை எதிர்க்கும் சக்தி ஒன்று உண்டு. தோட்டத்துக்குள் வரும் பன்றியைத் தடுக்கச் சிலர் கட்டுத்துவக்குக் கட்டுவார்கள். அது பன்றி எது, வீட்டு மாடு எது என்று பார்த்து வெடிப்பதில்லை. லூப்பஸ் நோயிலும் இப்படித்தான் நடக்கிறது. கிருமியை எதிர்க்க வேண்டிய சக்தி வழி தவறி, சொந்த உடம்பின் தோலையும் மூட்டையும் சிறுநீரகத்தையும் இரத்தத்தையும் மூளையையும் தாக்குகிறது. இந்நோய் உள்ள 10 பேரில் ஏறத்தாழ 9 பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில், அதாவது பிள்ளை பெறும் வயதில், இது தொடங்குகிறது. இது தொற்று நோயல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒரே பாயில் படுத்தாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. ஒருவருடைய பாவத்தாலோ சாபத்தாலோ வருவதுமல்ல.

லூப்பஸ் என்பது லத்தீன் மொழியில் ஓநாயைக் குறிக்கும் சொல். முகத்தில் தோன்றும் புண்ணை ஓநாய் கடித்த காயத்துக்கு ஒப்பிட்டு அக்காலத்தவர் இப்பெயரை வைத்தனர். நெடுங்காலமாக இது தோல் நோய் என்றே எண்ணப்பட்டது. 1872ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து வைத்தியரான மொரிற்ஸ் கபோசி, இது தோலோடு நிற்பதில்லை, காய்ச்சலும் மூட்டு வருத்தமும் நினைவு மயக்கமும் இதனோடு வரும் என எழுதினார். ஆகவே இந்நோய் மூளையையும் பாதிக்கும் என்பது புதிய செய்தியல்ல. எமது கிராமங்களுக்கு மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

மூளைக்கு எப்படிப் போகிறது?

ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. முதலாவது, அழற்சி. வழி தவறிய எதிர்ப்புச் சக்தி மூளையின் நரம்புக் கலங்களையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நேரடியாகத் தாக்குகிறது. இரண்டாவது, இரத்தம் கட்டிபடுதல். லூப்பஸ் உள்ள சிலரின் இரத்தத்தில் அதை எளிதில் கட்டியாக்கும் ஒரு பொருள் உண்டாகிறது. 1980களில் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் இதை விளக்கமாக எழுதினர். வாய்க்காலில் ஓரிடத்தில் மண் விழுந்து அடைத்தால் கடைமடை வயல் காய்ந்து போவது உங்களுக்குத் தெரியும். மூளைக்குப் போகும் குழாயில் கட்டி அடைத்தால் அதற்கப்பால் உள்ள பகுதி அப்படித்தான் சாகிறது. இளவயதுப் பெண்ணுக்குப் பாரிசவாதம் வந்தாலோ, அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஏற்பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ வைத்தியர் இந்தப் பொருளைத் தேடி இரத்தம் எடுப்பார். கருச்சிதைவுக்காக மருமகளை ஏசும் வீடுகள் இதைச் சற்று மனத்தில் வைத்தால் நல்லது.

மூன்றாவது வழி சுற்றி வளைத்து வருவது. நோய் சிறுநீரகத்தைக் கெடுக்க, கழிவு இரத்தத்தில் தேங்கியோ பிறசர் கூடியோ மூளை தடுமாறலாம்.

இதனால் வரும் குறிகள் பலவிதம். அமெரிக்க வாதநோய் வைத்தியர் கல்லூரி 1999ஆம் ஆண்டில் மூளை, நரம்பு, மனம் சார்ந்த 19 வகைக் கோளாறுகளைப் பட்டியலிட்டது. அவை எல்லாவற்றையும் இங்கு எழுதத் தேவையில்லை. ஆனால் வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

அதிகமாகக் காணப்படுவது தலையிடியும், மறதியும், மனச்சோர்வும். மறதி என்றால் கிழவர்களின் மறதி போன்றதல்ல. சோற்றை அடுப்பில் வைத்ததை மறப்பது, சொல்ல வந்த சொல் வராமல் நிற்பது, கூலிக்காசை எண்ணும்போது கணக்குத் தவறுவது. படிக்கிற பிள்ளையானால் வாசித்த பக்கத்தையே திரும்பத் திரும்ப வாசிக்கும். இதைச் சோம்பல் என்று ஏசுகிறோம். அந்தப் பிள்ளைக்கோ தன்னைப் பற்றித் தானே பயம் வந்துவிடுகிறது. அதை வெளியே சொல்வதுமில்லை.

குறைவாக வருவன ஆனால் பயங்கரமானவை வேறு சில. வலிப்பு. இல்லாத குரல் கேட்பது, இல்லாத ஆளைக் காண்பது, வீட்டாரையே சந்தேகிப்பது. சன்னி கண்டவர் போல நாள், இடம், ஆள் தெரியாமல் பிதற்றுவது. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் சோர்வது, பேச்சுக் குழறுவது. கை கால்கள் தாமாகவே ஆடிக்கொண்டிருப்பது. இரண்டு காலும் திடீரெனச் சோர்ந்து சிறுநீர் போகாமல் அடைத்துக்கொள்வது. இக்கடைசிக் குறி முதுகுத்தண்டு நரம்பு பாதிக்கப்பட்டதற்கு அடையாளம். இவற்றுள் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முன்னர் வாகனம் தேடி ஊர் முழுக்க ஓட வேண்டியிருந்தது. இப்போது 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அரசின் இலவச அம்புலன்ஸ் வரும்.

எல்லாமே லூப்பஸ் அல்ல

இங்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். மனம் குழம்பிய எல்லோருக்கும் லூப்பஸ் என்று எண்ணிவிடக் கூடாது. காணியையும் உறவுகளையும் இழந்து பல இடம் மாறிய எம் மக்களிடையே உறக்கமின்மையும் திடுக்கிடுதலும் துயரமும் நிறைய உண்டு. அவற்றுக்குக் காரணம் எமக்கே தெரியும். லூப்பஸ் இருப்பது நிச்சயமானவர்களிலும்கூட, மூளை சார்ந்த கோளாறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே நேரடியாக அந்நோயினால் வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றவை வேறு காரணங்களால் வருபவை.

அந்தக் காரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று கிருமித் தொற்று. லூப்பஸ் நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. ஆகவே காசநோயும் மூளைக்காய்ச்சலும் இவர்களை எளிதில் பிடிக்கும். லூப்பஸ் உள்ளவருக்குக் காய்ச்சலோடு பிதற்றல் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. அங்கே முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் பல குடும்பங்கள் கையொப்பமிட மறுக்கின்றன. முதுகில் ஊசி போட்டால் கால் வழங்காமல் போகும் என்ற கதை ஊரெல்லாம் உண்டு. ஊசி போடும் இடம் முதுகுத்தண்டு நரம்பு முடிந்துபோகும் இடத்துக்குக் கீழே உள்ளது. பின்னர் ஓரிரு நாள் தலையிடி இருக்கலாம். கிருமியா, லூப்பஸா என்று பிரித்தறிய அந்த நீர் பெரிதும் உதவும். ஏனெனில் ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்க வேண்டும். மற்றதற்கு அதை அடக்கினால் ஆளே போய்விடலாம்.

மற்றக் காரணம் மருந்தே. பிரெட்னிசொலோன் குளிசையைப் பெரிய அளவில் எடுப்பவர்களில் சிலருக்கு உறக்கம் கெடும்; அளவுக்கு மீறிய உற்சாகமோ அழுகையோ வரும்; சிலவேளை குரல்களும் கேட்கும். 1972இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வெளியான ஓர் ஆய்வு, நாளொன்றுக்கு 40 மில்லிகிராமோ அதற்குக் குறைவாகவோ எடுத்தவர்களில் 100 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கும், 80 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களில் 100 பேரில் ஏறத்தாழ 18 பேருக்கும் இவ்வாறு நேர்ந்ததைக் கண்டது. பெரும்பாலும் மருந்தைக் குறைக்கும்போது இது தானாகத் தணியும். ஆனால் குறைப்பது வைத்தியரின் வேலை, எமது வேலையல்ல.

'இதுதான்' என்று காட்டும் ஒரேயொரு பரிசோதனை இல்லை. இரத்தப் பரிசோதனைகள், சிறுநீர், தலையை எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்தே வைத்தியர் முடிவு செய்கிறார். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோயாளி நடிக்கிறார் என்றாகாது. லூப்பஸ் மூளையைப் பாதித்த பலருக்குப் படம் சரியாகவே இருக்கும்.

குளிசையை நிறுத்திய கதை

அந்தப் பெண்ணின் கதைக்கு வருவோம். ஊசி மருந்தும் குளிசையுமாக மூன்று கிழமை வாட்டில் மறித்து வைத்திருந்தார்கள். இரண்டாம் கிழமையே குரல்கள் நின்றுவிட்டன. துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தபோது தாயின் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நான்கு மாதம் நன்றாக இருந்தாள். பிறகு அந்த இடத்தையும் விட்டு ஓட வேண்டி வந்தது. குளிசைப் பையும் கிளினிக் கொப்பியும் கொட்டிலிலேயே கிடந்தன. 'இப்ப சுகமாகத்தானே இருக்கிறாள்' என்று வீட்டாரும் பெரிதாகத் தேடவில்லை. ஐந்தாறு நாளில் சத்தியும் மயக்கமும் தொடங்கின. எழுந்து நிற்க முடியவில்லை. புதிய இடத்து வைத்தியருக்கு அவள் என்ன மருந்து எடுத்தாள் என்று தெரியவில்லை. 'வெள்ளைக் குளிசை, காலமை எட்டு' என்று மட்டும் தாயால் சொல்ல முடிந்தது. நல்ல வேளையாக அந்த ஒரு குறிப்பே அவருக்குப் போதுமாயிருந்தது.

ஏன் இப்படி நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். பிரெட்னிசொலோன், எமது உடம்பே நாளாந்தம் சுரக்கும் ஒரு பொருளைப் போன்றது. வெளியிலிருந்து பல கிழமைகளாகக் கிடைத்தால் உடம்பு தன் சுரப்பை நிறுத்திவிடும். வாய்க்கால் தண்ணீர் தாராளமாக வந்தால் கிணற்றை இறைக்காமல் தூர்ந்துபோக விடுவது போல. வாய்க்காலைத் திடீரென மறித்தால் கிணற்றிலும் தண்ணீர் இல்லை. பிறசர் விழுந்து உயிராபத்தும் வரலாம். அதனாலேயே வைத்தியர் சிறிது சிறிதாகக் குறைக்கிறார். வயிறு எரிகிறது, முகம் ஊதுகிறது என்று பெண்பிள்ளைகள் இரகசியமாகக் குளிசையை வீசுவதும் உண்டு. முகம் ஊதுவது மருந்து குறையக் குறைய வற்றும் என்று அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் நாடெங்கும் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை. மருந்து இல்லையென்றால் வெறுங்கையுடன் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். வேறு எந்த வைத்தியசாலையில் கிடைக்கும், அதற்குப் பதில் என்ன எடுக்கலாம் என்று அங்கேயே கேளுங்கள்.

இன்னொரு குளிசையைப் பற்றியும் சொல்ல வேண்டும்; எமது மூத்தவர்களுக்கு அதன் உறவினர் பழக்கமானவர். வன்னியிலும் கிழக்கிலும் மலேரியாக் காய்ச்சலுக்குக் குளோரோகுயின் விழுங்கிய கைப்பு நாக்கை விட்டுப் போயிராது. 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தக் குடும்பத்து மருந்துக்கு வேலை முடியவில்லை. மலேரியாக் குளிசைகளில் ஒன்றான மெப்பக்கிறின் லூப்பஸ் நோயாளருக்கு நன்மை செய்வதைப் பேஜ் என்ற பிரித்தானிய வைத்தியர் 1951இல் எழுதினார். இன்று குளோரோகுயினின் உறவான ஹைட்ரொக்சிக்குளோரோகுயின், லூப்பஸ் உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் கொடுக்கப்படுகிறது. நோய் மீண்டும் சீறி எழுவதை அது குறைக்கிறது. மெதுவாக வேலை செய்யும் மருந்து. சில மாதம் சென்றே பலன் தெரியும். 'எனக்கு மலேரியா இல்லையே, ஏன் இது?' என்று நிறுத்திவிட வேண்டாம். கருவுற்றிருக்கும்போதும் பெரும்பாலும் இதைத் தொடரச் சொல்வார்கள். கண்ணை மட்டும் காலத்துக்குக் காலம் சோதிக்க வேண்டும்.

வீட்டில்

வலிப்பு வந்தால் கையில் திறப்போ இரும்போ கொடுப்பது எமது வழக்கம். அது வலிப்பை நிறுத்துவதில்லை. பல்லுக்கிடையில் கரண்டி வைத்தால் பல்தான் உடையும். அடுப்பு, கிணற்றுக்கட்டு, கத்தி இவற்றிலிருந்து விலக்கி, ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். நினைவு தெளியும் வரை தண்ணீர் பருக்காதீர்கள். முதன்முறை வலிப்பென்றால், அல்லது ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லையென்றால், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

குரல் கேட்கிறது என்று சொல்பவரோடு, இல்லை என்று வாதாடிப் பயனில்லை. அவருக்குக் கேட்கிறது. கட்டி வைப்பதும் அடிப்பதும் பயத்தைக் கூட்டும். ஒருவர் மட்டும் அமைதியாகப் பக்கத்தில் இருந்து வாகனம் வரும் வரை கதைத்துக்கொண்டிருங்கள். கூட்டம் சேர விடாதீர்கள். பூச்சிமருந்தும் களைநாசினியும் வீட்டுக்குள் இருந்தால் அன்றைக்கே அயல்வீட்டில் பூட்டி வைப்பியுங்கள். மனச்சோர்வு உள்ள வீட்டிலும் அப்படியே. சாகலாம்போல் இருக்கிறதா என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார்.

வெயில் இந்நோயைக் கிளப்பும். தோட்டக்காரருக்கு வெயிலில் போகாதே என்று எழுதுவது எளிது என்று நீங்கள் சிரிப்பது எமக்குத் தெரிகிறது. காலை 10 மணிக்கு முன்னும் பிற்பகல் 4 மணிக்குப் பின்னும் புல்லுப் பிடுங்கல், நடுப்பகலில் கொட்டிலுக்குள் வெங்காயம் துப்புரவாக்கல் என்று வேலையை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். நீளக்கைச் சட்டை, அகலத் தொப்பி, முகத்தை மறைக்கும் துணி என்பன காசில்லாத மருந்துகள்.

செபத்தைப் பற்றியும் கேட்பீர்கள். செபியுங்கள்; நாமும் செபிக்கிறோம். நோயில் பூசுதலும் கேளுங்கள். நற்செய்தியாளரான லூக்கா ஒரு வைத்தியர் என்று நம்பும் திருச்சபை நாம். செபக்குழுவினருக்கு எமது வேண்டுகோள் ஒன்றே. புத்தி தடுமாறிய ஒருவர் மேல் கை வைக்கும் முன், வீட்டாரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: மூட்டு உளைவு இருந்ததா, வெயிலில் முகம் சிவந்ததா, மயிர் கொட்டியதா, பல நாள் காய்ச்சல் இருந்ததா? ஆம் என்று ஒன்றுக்கு வந்தாலும் வாகனத்துக்கு ஆள் அனுப்பிவிட்டுச் செபத்தைத் தொடங்குங்கள். நான்குக்கும் இல்லை என்று வந்தாலும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். புத்தி திடீரெனத் தடுமாறுவதற்கு வேறு உடல் நோய்களும் காரணமாகலாம். மனநோய்ப் பகுதிக்குத்தான் முதலில் அனுப்பினார்கள் என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கொடை என்ற ஊரின் பெயரையே ஏச்சாக்கி வைத்தது எமது குற்றம். மனநோய் வைத்தியரும் வாதநோய் வைத்தியரும் சேர்ந்தே இந்நோயைப் பார்க்கிறார்கள். அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணமில்லை.

அந்தப் பெண் இன்று இரண்டு பிள்ளைகளின் தாய். கிளினிக் கொப்பியையும், துண்டு வெட்டும்போது தந்த அட்டையையும், மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய ஒரு கடதாசியையும் பால்மாப் பைக்குள் போட்டு, வாயை மெழுகுதிரியில் சுட்டு ஒட்டி வைத்திருக்கிறாள். அதன் பிரதி ஒன்று தங்கை வீட்டில் இருக்கிறது. இன்னொன்றைப் பங்கு அலுவலகத்தில் கொண்டுவந்து தந்தாள். மற்றக் குடும்பங்களும் தரலாம். பூட்டிய அலுமாரியில் வைத்திருப்போம்.